வயல் மண்ணில் பிசிஆர்: எல்லாக் குழாயும் நெகட்டிவ், நம்பலாமா?

#1 வயல்வரம்பு

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்துக்காரி, இறுதி வருட மாணவி. எங்கள் பக்கத்து வயல் மண்ணிலும் கிணற்று நீரிலும் பர்கோல்டீரியா சூடோமல்லே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. மெலியோய்டோசிஸ் வருத்தத்தை உண்டாக்கும் பற்றீரியா. அதை வளர்த்துப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. அதனால் மண்ணிலிருந்து நேரே டிஎன்ஏ எடுத்து ரியல்டைம் பிசிஆர் செய்யச் சொன்னார்கள். தேடும் டிஎன்ஏ பகுதியைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் சோதனை அது; பெருகினால் திரையில் கோடு மேலே ஏறும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல், கறுத்த களிமண். பிரித்தெடுத்த டிஎன்ஏ பிளேன்ரீ நிறத்தில் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் எல்லாமே நெகட்டிவ். பொசிட்டிவ் கொன்ட்ரோல் ஒழுங்காக ஏறுகிறது, நெகட்டிவ் கொன்ட்ரோலும் சுத்தம். ஆக, இயந்திரத்திலும் பிரைமரிலும் (தேடும் பகுதியைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பிழை இல்லை. "பற்றீரியா காணப்படவில்லை" என்று எழுதி முடித்துவிடலாம் என்கிறார் கூடப் படிக்கும் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

#2 நுண்ணோக்கி

எழுத வேண்டாம், தங்கச்சி. நிறத்தைச் சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அந்த நிறம் ஹியூமிக் அமிலத்துடையது. வைக்கோலும் வேரும் உக்கி மண்ணில் சேர்வது, டிஎன்ஏயைப் பிரிக்கும்போது கூடவே வந்துவிடும். பிசிஆர் நடக்க மக்னீசியம் வேண்டும். ஹியூமிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டிஎன்ஏயைப் பெருக்கும் பொலிமரேஸ் நொதியையும் வேலை செய்ய விடாது. உங்கள் பொசிட்டிவ் கொன்ட்ரோல் சுத்தமான தண்ணீரில் கரைத்த சுத்தமான டிஎன்ஏ. அது ஏறுகிறது என்றால் பிரைமரும் இயந்திரமும் சரி, அவ்வளவுதான். மண் டிஎன்ஏ போட்ட குழாய்க்குள் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

நாளைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மண் டிஎன்ஏ உள்ள குழாய்க்குள்ளேயே அளவு தெரிந்த பொசிட்டிவ் டிஎன்ஏ கொஞ்சம் சேர்த்து ஓட்டுங்கள். தண்ணீரில் 25ஆம் சுற்றில் ஏறும் அதே அளவு, மண்ணோடு சேர்ந்தால் 33இல் ஏறுகிறது, அல்லது ஏறவே இல்லை என்றால் தடை இருக்கிறது. பிறகு மண் டிஎன்ஏயைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் ஐதாக்கி, சேர்க்கும் அளவை மாற்றாமல் திரும்ப ஓட்டுங்கள். எந்த ஐதாக்கலில் 25க்குத் திரும்பி வருகிறதோ, அங்கே தடை போய்விட்டது. போவைன் சீரம் அல்புமின் (மாட்டு இரத்தப் புரதம்) கிடைத்தால் கலவையில் சேர்த்துப் பாருங்கள். பெரிய செலவில்லை, பல நேரம் கைகொடுக்கும்.

அது சரி, எந்த மரபணுவை இலக்காக வைத்திருக்கிறீர்கள்? எல்லாப் பற்றீரியாவிலும் உள்ள 16எஸ் என்றால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

#3 வயல்வரம்பு

நன்றி அண்ணை. 16எஸ் இல்லை. மூன்றாம் வகைச் சுரப்புத் தொகுதியின் ஓஆர்எஃப்2 பகுதி.

#4 நுண்ணோக்கி

நல்லது. அதே மண்ணில் பர்கோல்டீரியா தாய்லாந்தென்சிஸ் என்று ஒரு நெருங்கிய உறவு இருக்கக்கூடும். மனிதருக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. 16எஸ்ஸை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், நீங்கள் வைத்திருக்கும் பகுதி பிரித்துக் காட்டும்.

#5 பழைய_பிஎச்ஐ

குறை நினைக்கக் கூடாது பிள்ளை. நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இந்த மாவட்டத்தில் காலம் தள்ளியவன், இப்போது உப்புவெளியில் வீட்டோடு இருக்கிறேன். கிணற்று நீர் என்றால் நாங்கள் பார்த்தது கோலிபோர்ம், அதாவது ஈ.கோலையும் சேர்ந்த பற்றீரியாக் கூட்டம். குடிநீருக்கான எஸ்எல்எஸ் 614 நியமத்தின்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெளிக்களத்தில் ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் கொண்டுபோவோம். நிரப்பி வைத்தால் அடுத்த நாள் கறுத்திருக்கும், அல்லது கறுத்திருக்காது. வீட்டுக்காரம்மாவுக்குக் காட்டினால் அவருக்கே விளங்கும், பிளீச்சிங் பவுடர் போடச் சம்மதிப்பார். நீங்கள் காட்டப் போவது கணினித் திரையில் ஒரு வளைகோடு. அதைக் கண்டு யார் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள்?

இன்னொன்று. இந்த வருத்தம் இங்கே எத்தனை பேருக்கு வருகிறது? எலிக்காய்ச்சல் என்றால் ஊருக்கே தெரியும். 2008இல் நாடு முழுக்க ஏழாயிரத்துக்கு மேல் சந்தேக நோயாளர், இருநூறுக்கு மேல் மரணம். அதை விட்டுவிட்டு ஏன் இதைப் பிடித்தீர்கள்?

#6 மலர்_பாலையூற்று

ஐயா கேட்டதில் கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். வார்டில் வேலை செய்பவள், தாதி.

எத்தனை பேருக்கு வருகிறது என்று தெரியாமல் போவதே இந்த வருத்தத்தின் குணம். ஒருவருக்கு நியூமோனியா போல வரும், இன்னொருவருக்கு ஈரலில் சீழ்க்கட்டி, மற்றவருக்கு மூட்டு வீங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இருமலும் மெலிவுமாக இழுத்து, காசநோய் என்று நினைக்க வைக்கும். இரத்தத்தை வளர்ப்புக்கு அனுப்பினால்தான் பிடிபடும். வளர்ந்தாலும், பழக்கமில்லாத கண்ணுக்கு ஏதோ சூடோமொனாஸ், வெளியிலிருந்து ஒட்டியது என்று தட்டிக் கழிக்கத் தோன்றும். சீனி வருத்தக்காரர்தான் அதிகம் மாட்டுவது, அடுத்தது சிறுநீரக வருத்தக்காரரும் குடிப்பழக்கம் உள்ளவர்களும். எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டிய கமக்காரரில் சீனி இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். உலக அளவில் ஆண்டுக்கு 165,000 பேருக்கு வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. மருந்தும் சாதாரணம் இல்லை. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனெம் நாளத்தில் குறைந்தது பத்து நாள், அதன் பிறகு கோட்ரைமொக்சசோல் மூன்று மாதம். வீட்டுக்குப் போனவர் சுகமாகிவிட்டது என்று குளிசையை நிறுத்துவார், வருத்தம் திரும்பி வரும். நெஞ்சில் சளி என்று வழமையாகக் கொடுக்கும் பென்சிலினுக்கு இது அசையாது, ஜென்டமைசினுக்கும் அப்படித்தான். இந்த மண்ணில் அந்தக் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால், காய்ச்சலோடு வரும் சீனி வருத்தக்காரருக்கு வைத்தியர் முதல் நாளே இரத்த வளர்ப்பு எழுதுவார். அதற்காகவாவது தங்கச்சியின் வேலை வேண்டும்.

#7 கங்கைக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியா. நான் படித்தவன் இல்லை, வயலும் இரண்டு மாடும். வாப்பாவுக்குச் சீனி, காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது, ஆனாலும் வாய்க்கால் வெட்ட இறங்காமல் இருக்க மாட்டார். எங்கள் வீட்டுக் கிணற்றைப் போன வருஷம் சோதித்தார்கள், கிருமி இல்லை என்று சொன்னார்கள். அப்படியென்றால் இந்தக் கிருமியும் இல்லை என்றுதானே அர்த்தம்?

#8 நுண்ணோக்கி

நானா, அப்படி இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஐயாவுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஈ.கோலை குடலில் வாழ்வது. அது கிணற்றில் இருந்தால் மலம் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கழிவறைக் குழி கிட்ட இருக்கிறதா, மழை வெள்ளம் உள்ளே போனதா என்று தேட அது நல்ல அடையாளம், ஐயா அதை வைத்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருப்பார். ஆனால் பர்கோல்டீரியா சூடோமல்லே மண்ணிலேயே பிறந்து மண்ணிலேயே வாழ்வது. அதற்கு மலமும் வேண்டாம் மாடும் வேண்டாம். கோலிபோர்ம் பூச்சியமாக உள்ள கிணற்றிலும் அது இருக்கலாம், கோலிபோர்ம் நிறைந்த கிணற்றில் இல்லாமலும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல வழியில்லை.

அடுத்தது, எவ்வளவு மண்ணைப் பார்த்தோம் என்ற கணக்கு. தங்கச்சி, இதைக் கவனியுங்கள். வழக்கமான மண் டிஎன்ஏ கிட் எடுப்பது 0.25 கிராம். அதிலிருந்து 100 மைக்ரோலீற்றர் டிஎன்ஏ வரும், அதில் 4 மைக்ரோலீற்றரைக் குழாயில் போடுகிறோம். அதாவது உங்கள் குழாய்க்குள் போனது 0.01 கிராம் மண்ணின் டிஎன்ஏ. பிரித்தெடுப்பில் ஒன்றுமே வீணாகாது, ஒரே ஒரு பிரதி இருந்தாலும் பிடித்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராமில் நூறு பற்றீரியா இருந்தால்தான் சராசரியாக ஒன்று குழாய்க்குள் வரும். உண்மையில் நிறைய வீணாகும், ஆகவே பல நூறு வேண்டும். தடையை நீக்கப் பத்து மடங்கு ஐதாக்கினால் அதுவும் பத்து மடங்கு கூடும். இவ்வளவையும் கணக்கில் எடுக்காமல் "இல்லை" என்று எழுதுவது எப்படி?

தண்ணீர் இதைவிடப் பரவாயில்லை. ஒரு லீற்றரை 0.45 மைக்ரோன் வடிதாளில் வடித்து, 100 மைக்ரோலீற்றரில் டிஎன்ஏ எடுத்து 5ஐப் போட்டால், 50 மில்லிலீற்றர் தண்ணீரைப் பார்த்ததாகும். கலங்கல் கிணறு என்றால் பாதி வடிவதற்குள் வடிதாள் அடைத்துக்கொள்ளும், அது வேறு தலையிடி.

எனக்குப் பொசிட்டிவைவிட நெகட்டிவில்தான் பயம். பொசிட்டிவ் வந்தால் நாலு பேர் சந்தேகப்பட்டுத் திரும்பச் செய்வார்கள். நெகட்டிவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, கோப்பில் போய்ப் படுத்துவிடும்.

#9 வெந்நீரூற்று

இடையில் புகுந்ததற்கு மன்னிக்க. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் இப்படிப் பார்த்தால் என்ன வரும்? பிசிஆரில் போடும் நொதியே வெந்நீர் ஊற்றுப் பற்றீரியாவிலிருந்து எடுத்தது என்று எங்கேயோ வாசித்தேன். நம்ம ஊரிலும் ஒன்று கிடைத்தால் நோபல் பரிசு திருகோணமலைக்கு!

#10 நுண்ணோக்கி

வாசித்தது சரிதான். தேர்மஸ் அக்குவாட்டிகஸ், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் 1960களில் தோமஸ் புரொக் கண்டது. பிசிஆரை 1983இல் யோசித்தவர் கேரி மல்லிஸ், 1993இல் நோபல் பரிசு. ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகைக்குச் சூடாக்க வேண்டியிருப்பதால் சாதாரண நொதி செத்துவிடும், அந்தப் பற்றீரியாவின் டாக் நொதி தாங்கும். தேர்மஸ் நன்றாக வளர்வது 70 பாகையில். கன்னியாவில் நாம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிறோம், 70 பாகை என்றால் தோல் உரிந்திருக்கும். நோபலுக்கு வேறு வழி பாருங்கள்.

#11 மட்டுறுத்துநர்

கன்னியா பற்றிய பதிவுகள் தொடர்ந்தால் தனி இழைக்கு மாற்றுவேன். இங்கே மண்ணும் கிணறும் மட்டும்.

#12 வயல்வரம்பு

நுண்ணோக்கி அண்ணை சொன்னபடி செய்தேன். ஐதாக்காத மண் டிஎன்ஏயோடு சேர்த்தபோது பொசிட்டிவ் டிஎன்ஏ ஏறவே இல்லை, கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பத்து மடங்கு ஐதாக்கி அல்புமினும் போட்டதில் தண்ணீரில் ஏறிய இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆக, முதல் ஓட்டத்து நெகட்டிவ் எதற்கும் பெறுமதி இல்லை. எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும்.

இனி என் கேள்வி: திரும்ப ஓட்டி ஒன்றிரண்டு மிகப் பிந்தி, 37, 38ஆம் சுற்றில் ஏறினால் அதை எப்படி எடுப்பது? டிஎன்ஏ இருந்தால் உயிரோடு பற்றீரியா இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

#13 பழைய_பிஎச்ஐ

இதைத்தான் நானும் கேட்க வந்தேன். செத்த கிருமியின் டிஎன்ஏயையும் உங்கள் இயந்திரம் எண்ணும். நான் கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டு வந்து பார்த்தால் என் போத்தல் கறுக்காது, வேலை முடிந்தது. உங்கள் பிசிஆர் அப்போதும் "இருக்கிறது" என்று நிற்கும். வீட்டுக்காரர் யாரை நம்புவார்?

#14 நுண்ணோக்கி

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, குளோரின் போட்ட கிணற்றுக்கு வெறும் பிசிஆர் உதவாது. பிஎம்ஏ என்று ஒரு சாயம் இருக்கிறது. சவ்வு கிழிந்த, செத்த கலத்துக்குள் புகுந்து டிஎன்ஏயோடு ஒட்டும், வெளிச்சம் காட்டினால் நிரந்தரமாகப் பிணைந்துவிடும். பிறகு அந்த டிஎன்ஏ பெருகாது. தெளிந்த தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். சேற்றில் வெளிச்சம் எங்கே போகும்? வயல் மண்ணுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்ணுக்கு வேறு வழி இருக்கிறது. 2013இல் பல நாட்டு ஆய்வாளர் சேர்ந்து இந்தப் பற்றீரியாவுக்கென்றே மண் மாதிரி எடுக்கும் வழிகாட்டி வெளியிட்டார்கள். ஒரு வயலில் சம இடைவெளியில் நூறு புள்ளி, ஒவ்வொன்றிலும் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் மண். அதில் 10 கிராமை திரியோனின் உப்புக் கரைசலில் கொலிஸ்டின் சேர்த்துப் போட்டு, 40 பாகையில் 48 மணி நேரம் வைப்பது. மற்றப் பற்றீரியாவில் பலதைக் கொலிஸ்டின் அடக்கும், இதற்கு ஒன்றும் ஆகாது. பிறகு மேல்நீரை எடுத்து ஆஷ்டவுன் என்ற வளர்ப்பு ஊடகத்தில் பரப்பினால், சில நாளில் சுருக்கம் விழுந்த ஊதா நிறப் பற்றீரியாக் குடியேற்றங்கள் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியது, அந்த மேல்நீரிலிருந்து டிஎன்ஏ எடுத்து பிசிஆர் செய்வது. பார்க்கும் மண் 0.25 கிராமிலிருந்து 10 கிராமாகிவிட்டது. ஹியூமிக் தொல்லை குறையும். முக்கியமாக, செத்தது பெருகாது. 48 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஓட்டுங்கள். முன்பு 38இல் இருந்தது பின்பு 27இல் ஏறினால் அது உயிரோடு இருந்து பெருகியது, வாதம் முடிந்தது. ஆனால் அதன் பிறகு "ஒரு கிராமில் இத்தனை" என்று எண்ணிக்கை சொல்ல முடியாது, உண்டு இல்லை மட்டும்தான்.

இன்னுமொன்று, விளையாட்டில்லை. வளர்ப்புக் குழாய்க்குள் அந்தப் பற்றீரியா கோடிக்கணக்கில் இருக்கும். சுவாசத்திலும் தொற்றும். உயிர்ப்பாதுகாப்புப் பெட்டகம் இல்லாத மேசையில் மூடியைத் திறக்கவே கூடாது. உங்களிடம் வசதி இல்லை என்று முதல் பதிவிலேயே சொன்னீர்கள், ஆகவே அந்தப் படியை வசதியுள்ள இடத்தில் செய்வித்து, கொல்லப்பட்ட மாதிரியை மட்டும் திருப்பி எடுங்கள். பேராசிரியரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம்.

37, 38இல் தனியே ஏறியவற்றை மூன்று குழாயாகத் திரும்ப ஓட்டுங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு குழாய் ஏறாவிட்டால் நான் "ஐயம்" என்றுதான் எழுதுவேன்.

#15 கங்கைக்கரை

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். வாப்பாவை வயலில் இறக்கலாமா கூடாதா? தங்கச்சியின் ஆய்வு முடியுமட்டும் காத்திருக்க முடியாது, பெரும்போக வேலை தொடங்கிவிட்டது.

#16 மலர்_பாலையூற்று

நானா, ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கவே வேண்டாம். புண் ஆறும்வரை வாப்பா சேற்றில் கால் வைக்கக் கூடாது. அந்தப் புண்ணைக் கிளினிக்கில் காட்டுங்கள், சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்தால்தான் அது ஆறும். ஆறின பிறகும் கம்பூட்ஸ் இல்லாமல் இறங்க விடாதீர்கள். சேற்றில் கனக்கிறது, புதைகிறது என்று கழற்றி வரம்பில் வைத்துவிடுவார், தெரியும், என் அப்பாவும் அப்படித்தான். குறைந்தது வாய்க்கால் வெட்டும் நாளிலாவது போடட்டும், வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், அதில் இந்தக் கிருமி, ஈ.கோலை, எல்லாம் போய்விடும். பெருமழை காற்றோடு அடிக்கும்போது வெளியில் நிற்க வேண்டாம், மூச்சாலும் வரும்.

எலிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் தருவது பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். அது இதற்குத் தடுப்பு இல்லை, ஆனாலும் வயலில் இரண்டு ஆபத்தும்தானே இருக்கிறது. காய்ச்சல் வந்தால் முதலில் சொல்ல வேண்டியது "சீனி இருக்கிறது, வயல் வேலை" என்று. வைத்தியர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

#17 பழைய_பிஎச்ஐ

மலர் பிள்ளை சொன்னதை அச்சடித்து கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் கொடுக்கலாம்.

வயல்வரம்பு பிள்ளைக்கு ஒன்று. முடிவு வரும்போது யாருடைய வயல் என்று வெளியில் சொல்லாதே. "கிருமி வயல்" என்று ஒரு பெயர் வந்தால் அந்த மனிதர் நெல்லை விற்க முடியாது. சோறு சமைத்தால் கிருமி இருக்காது என்று நீ எவ்வளவு விளக்கினாலும் வியாபாரி விலையைக் குறைக்க அதையே சாட்டாக வைப்பான். ஒரு காலத்தில் ஒரு கிணற்றுக்குச் சிவப்பு அடையாளம் போட்டதற்கே அந்த வீட்டுப் பிள்ளையின் கலியாணப் பேச்சு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

#18 வயல்வரம்பு

ஐயா, அதனால்தான் முடிவுகளை இங்கே போடப் போவதில்லை. வயல்காரர்களிடம் அனுமதி கேட்கும்போதே பெயர் வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆய்வேட்டிலும் புள்ளிகளுக்கு இலக்கம் மட்டும்தான்.

பேராசிரியரிடம் பேசினேன். வளர்ப்புப் படியை வசதியுள்ள ஒரு லாப்பில் செய்ய ஒழுங்கு செய்கிறார். மண் எடுப்பது மழை விழுந்து நிலம் நனைந்த பிறகு. தலைப்பிலும் "இல்லாமையை உறுதிசெய்தல்" என்று இருந்ததை எடுத்துவிட்டோம். கடைசியாக ஒரு சந்தேகம்: மண்ணை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில்தானே கொண்டுபோக வேண்டும்?

#19 நுண்ணோக்கி

இல்லை! வளர்ப்புக்குப் போகும் மண்ணுக்கு ஐஸ் வேண்டாம். சாதாரண அறை வெப்பநிலை போதும், வெயில் படக் கூடாது. குளிரில் இந்தப் பற்றீரியா சோர்ந்துவிடும், பிறகு வளரவில்லை என்று இன்னொரு பொய் நெகட்டிவ். கோலிபோர்முக்கு எடுக்கும் கிணற்று நீர் மட்டும் ஐஸில் போகட்டும். இரண்டு பெட்டி, வேறு வேறு நிறத்தில் ரேப் ஒட்டி. ஒரே வாகனத்தில் போனால், ஏற்றுகிறவர் பாவம் பார்த்து மண் பெட்டிக்கும் ஐஸ் போட்டுவிடுவார், முன்பே சொல்லி வையுங்கள்.

#20 கங்கைக்கரை

எங்கள் வயலிலும் எடுக்கலாம் தங்கச்சி, நான் சம்மதம். 30 சென்ரிமீற்றர் தோண்ட அலவாங்கு வீட்டில் இருக்கிறது. வாப்பாவைத் தோண்ட விடமாட்டேன்.

#21 வயல்வரம்பு

நன்றி நானா. அலவாங்கை ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் கழுவி ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லையா? தனிமடலில் எழுதுகிறேன்.